ஜனாதிபதியை வைத்துச் சண்டை பிடிப்பது எப்படி?

எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு நீட்டு மேசையும் இரண்டு வாங்குகளும் உண்டு. 1982 தொடக்கம் 2024 வரை இலங்கையில் ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்தன. ஒவ்வொன்றும் முதலில் அந்த மேசையில் நடந்து, பிறகுதான் நாட்டில் நடந்தது. நாட்டில் ஒவ்வொரு முறையும் ஒருவர் வென்றார், மற்றவர்கள் தோற்றார்கள். மேசையில் இன்றுவரை ஒருவரும் தோற்றதில்லை.

இந்தக் கலை அழிந்துபோகக் கூடாது. இப்போதைய பொடியள் போனில் பெருவிரலால் சண்டை பிடிக்கிறார்கள். எதிராளியின் முகம் சிவக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. ஆகவே நாற்பது வருட அனுபவத்தைப் பிழிந்து இந்தக் கைநூலைத் தருகிறேன். கட்டணம் கிடையாது. ஒரு பிளேன்ரீ போதும்.

1. ஆளைத் தெரிவு செய்யுங்கள்

எதிராளி உறவுக்காரராக இருப்பது உத்தமம். அந்நியர் கோபித்துக்கொண்டு போனால் போனதுதான். மச்சான் அப்படிப் போக முடியாது. அடுத்த கிழமை அந்தியேட்டி வீட்டில் உங்களுக்குப் பக்கத்து இலையில்தான் அவர் இருந்தாக வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சண்டை கூடாது. அது சலூன். 2024 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு நான் அங்கே முகத்தில் நுரையோடு இருந்தேன். கத்தியைத் தொண்டைக்குக் கீழே வைத்தபடி தம்பி கேட்டான்:

“ஐயா, இந்தமுறை ஆருக்கு?”

“நீ ஆருக்கடா மோனை?”

அவன் சொன்னான்.

“நானும் அவருக்குத்தான்.”

எழும்பிக் காசைக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டிய பிறகே என் அரசியல் கொள்கை எனக்குத் திரும்பி வந்தது.

2. சின்னத்தைப் பிடியுங்கள், கொள்கையைத் தொடாதீர்கள்

கொள்கை விளக்க நூல்கள் நீளமானவை. சின்னம் ஒரே சொல். 2024 செப்டெம்பர் 21 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். தமிழரசுக் கட்சி, அதாவது வீடு, சஜித் பிரேமதாசவின் தொலைபேசிக்குப் போடச் சொன்னது. அதே வீட்டைச் சேர்ந்த அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்கில் நின்றார். வீட்டுக்குள்ளேயே சிலர் சங்கை ஊதினார்கள். சைக்கிள் சின்னக் கட்சிக்காரர் தேர்தலையே புறக்கணித்து எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ரணில் விக்கிரமசிங்க காஸ் சிலிண்டரோடு வந்தார். அநுர குமார திசாநாயக்கவின் கையில் திசைகாட்டி.

எங்கள் மேசையில் இது இப்படி ஓடியது:

“வீடு சொல்லிப்போட்டுது, போனுக்குப் போடு.”

“வீட்டிலை ஆர் சொன்னது? முன் அறையோ, பின் அறையோ?”

“சங்குக்குப் போட்டு என்ன காணப்போறாய்? அவர் ஜனாதிபதியா வரப்போறாரோ?”

“நீ போடுற போன் எந்தக் காலத்திலை எங்களுக்கு அடிச்சது?”

இரண்டு மணித்தியாலம். பொருளாதாரம் என்ற சொல் ஒருமுறையும் வரவில்லை. இதுதான் தரம்.

3. “நான் அப்பவே சொன்னனான்”

இது சண்டையின் மூலமந்திரம். சொல்லியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2019 இல் அநுர பெற்றது நாடு முழுவதற்கும் 3.16 வீதம். எங்கள் மேசையில் அன்று அவருடைய பெயரை எடுத்தவர் எவரும் இல்லை. 2024 செப்டெம்பரில் அவர் ஜனாதிபதியானபோதும் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித், அரியநேத்திரன், ரணில் மூவருக்கும் பின்னால் நாலாவதாகவே வந்தார். எட்டுக் கிழமைகூட முடியவில்லை, நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. நாடு முழுவதும் 225 இல் 159.

நவம்பர் 15 காலை வாசிகசாலைக்குப் போனேன். மேசையைச் சுற்றி ஏழு பேர். ஏழு பேரும் 2019 இலேயே சொன்னவர்கள். நான் எட்டாவது ஆள்.

4. பழைய கணக்கைக் கிளறுங்கள்

நடப்பு விடயத்தில் தோற்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் உடனே 2005 க்குப் பாயுங்கள். அந்தத் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்க வைத்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மகிந்த ராஜபக்ச ரணிலை வென்றது ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால். “அண்டைக்கு நாங்கள் போட்டிருந்தால்...” என்று தொடங்குங்கள். அந்த வசனத்தை எங்கள் ஊரில் இதுவரை எவரும் முடித்ததில்லை. சொல்லிக்கொண்டு போகும்போது யாராவது ஒருவருக்குத் தொண்டை அடைத்துவிடும். அப்போது சண்டை தானாக நிற்கும். தேத்தண்ணி வரும். ஆகவே இந்த ஆயுதத்தை அளவோடு பாவியுங்கள்.

அது வேண்டாம் என்றால் 2010 இருக்கிறது. போரை நடத்திய ஜனாதிபதி ஒரு பக்கம், போரை நடத்திய தளபதி மறுபக்கம். யாழ்ப்பாணம் தளபதி சரத் பொன்சேகாவை முதலாவதாக விட்டது. ஏன் என்று கேட்டால் எங்கள் மூத்த மாஸ்ரர் ஒரே வரியில் முடிப்பார்: “நாங்கள் ஆருக்கும் போடுறேல்லை. ஆருக்கு எதிரா எண்டுதான் போடுறது.”

5. நிறைவேற்று அதிகாரம் என்னும் சர்வரோக நிவாரணி

பேச விடயம் தீர்ந்துவிட்டால் குரலைத் தாழ்த்தி, “உந்த நிறைவேற்று அதிகார முறை இருக்கும்வரைக்கும் ஒண்டும் சரிவராது” என்று சொல்லுங்கள். எந்தக் கட்சிக்காரரும் தலையாட்டுவார். 1978 அரசியலமைப்பில் ஜே.ஆர். ஜயவர்த்தன கொண்டுவந்த கதிரை அது. அதை ஒழிப்பேன் என்று 1994 இல் சந்திரிகா குமாரதுங்க சொன்னார். 2005 இல் மகிந்த சொன்னார். 2015 இல் மைத்திரிபால சிறிசேன சொன்னார். 2024 இல் அநுரவின் விஞ்ஞாபனமும் சொன்னது. கதிரையை உடைக்க வருகிற ஒவ்வொருவரும் முதலில் அதில் இருந்து பார்க்கிறார்கள். இருந்தவுடன் கால்நோ குறைந்துவிடும்போல.

6. வெளிநாட்டுச் சித்தப்பாவைச் சேருங்கள்

சண்டை சூடு ஆறினால் ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அடியுங்கள். அவருக்கு அங்கே நடுச்சாமம், ஆனாலும் எழும்புவார். இங்கே வாக்கில்லை, வரிசையில் நிற்கத் தேவையில்லை, பாண் விலை ஏறினாலும் கவலையில்லை. எனவே அவருடைய கொள்கையில் கலப்படம் இருக்காது. சத்தத்தைக் கூட்டி மேசை நடுவில் போனை வைத்துவிட்டு நீங்கள் பேப்பர் வாசிக்கலாம்.

7. தவிர்க்க வேண்டியவை

ஊர் விடயம் எடுக்காதீர்கள். வாசிகசாலைக் கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னால் போதும், ஆறு கட்சிக்காரரும் அண்ணாந்து ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். சண்டை பாழ். வட மாகாண சபையையும் எடுக்காதீர்கள். அதற்கு 2013 இல் ஒருமுறை தேர்தல் நடந்தது, 2018 இல் காலம் முடிந்தது. பிறகு மூன்று பேர் ஜனாதிபதிக் கதிரைக்கு வந்தார்கள். சபைக் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. இதில் எல்லோரும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு.

2022 ஐ எடுப்பதும் நல்லதல்ல. அந்த வருடம் எங்கள் மேசை பெற்றோல் வரிசைக்கு இடம்பெயர்ந்தது. வீடும் சைக்கிளும் ஒரே போத்தல் தண்ணீரைக் குடித்தன. யூலை 13 ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் பறந்த செய்தி வந்தபோது, எனக்கு முன்னால் நின்ற மச்சான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதற்கு முன் மூன்று வருடம் நாங்கள் கதைக்கவில்லை. ஒரு கிழமையில் நாடாளுமன்றம் 134 வாக்குகளோடு ரணிலை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. நாங்கள் எவரும் போடாத வாக்கு என்பதால் பழியை யார் தலையில் போடுவதென்றும் தெரியவில்லை. பிறகு பெற்றோல் வந்தது. சண்டையும் வந்தது.

8. கடைசிப் பாடம்

இதை மட்டும் பகிடியில்லாமல் சொல்கிறேன். எங்கள் ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு ஒரு விருப்பம் மட்டும் அல்ல. 1, 2, 3 என்று மூன்று பேரைக் குறிக்கலாம். எவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களின் சீட்டுகளில் அடுத்த விருப்பத்தைப் பார்ப்பார்கள். 2024 இல்தான் முதல்முறையாக அப்படிப் பார்க்க நேர்ந்தது. அநுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76. மற்றவர்களுக்குப் போன சீட்டுகள் 33 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இந்த இருவருக்கும் வந்து சேர்ந்த விருப்பு வாக்குகள் ஏறத்தாழ 2 லட்சத்து 73 ஆயிரம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அன்று மாலை மேசையில் கேட்டேன், இரண்டு போட்டவர் யாராவது உண்டா என்று. எல்லோரும் என்னைக் கட்சி மாறியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். “ஒண்டைப் போட்டால் ஒண்டுதான்” என்றார் மச்சான், நெஞ்சை நிமிர்த்தி. நானும் தலையாட்டினேன். நானும் ஒரு புள்ளடியோடு வந்தவன்தான்.

எங்கள் சண்டையின் சூத்திரம் முழுக்க அந்தப் புள்ளடியில் இருக்கிறது. சட்டம் மூன்று விருப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறது, நாங்கள் ஒன்றோடு பென்சிலை வைத்துவிட்டு வருகிறோம். ஆகவே இந்தக் கைநூலை வாசித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தேர்தலில் 1 ஐ உங்கள் ஆளுக்கே போடுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். 2 ஐ மச்சானின் ஆளுக்குப் போட முடியுமா என்று ஒரு நிமிடம் பென்சிலைப் பிடித்தபடி யோசியுங்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர் பொறுத்துக்கொள்வார்.