பில் பார்க்கும் மாமா

நாகர்கோவிலில் தெருவுக்கு ஒரு பில் மாமா உண்டு. ஓட்டலில் எல்லோரும் கை கழுவப் போகும்போது இவர் மட்டும் எழுந்திருக்க மாட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவருக்கு விருந்தே இனிமேல்தான். பில் வந்ததும் முதலில் தேதி, பிறகு மேஜை எண், கடைசியில்தான் தொகை. தொகை சரியாக இருந்துவிட்டால் முகம் வாடிவிடும்.

எங்கள் தெரு மாமா மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் மீட்டரைச் சந்தேகித்தே சம்பளம் வாங்கியவர். ரசவடைக்கு இரண்டு வடை என்று பில் போட்ட கடையில், வடை ஒன்றுதான், ஊறி உடைந்ததால் இரண்டாகத் தெரிந்தது என்று வாதாடி ஜெயித்திருக்கிறார். வீட்டில் ஒரு ஃபைல் வைத்திருக்கிறார். 2019-ல் சண்டிகர் நட்சத்திர ஓட்டல் ஒன்று நடிகர் ராகுல் போஸுக்கு இரண்டு வாழைப்பழத்துக்கு 442 ரூபாய் 50 காசு பில் போட்ட செய்தி அதில் முதல் பக்கம். 2024-ல் டெல்லியில், ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனை டேட்டிங் செயலி மூலம் கஃபேக்கு வரவழைத்து ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சத்துக்குப் பில் நீட்டியது இரண்டாம் பக்கம். வாழைப்பழச் செய்தி வந்த வாரம்தான் மாமா வடசேரி சந்தையில் மட்டி வாழைக் குலைக்குப் பேரம் பேசாமல் காசு கொடுத்தார்.

நம்மூரில் நைட் கிளப் கிடையாது. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஒரு இடத்தில் விளக்கெரிந்தால் ஒன்று கோயில் கொடை, இல்லையென்றால் துஷ்டி வீடு. பையன்கள் வேலைக்குப் போகிற பெங்களூரிலேயே அந்தக் குறையையும் தீர்த்துக்கொள்கிறார்கள். போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி மாமாவின் மருமகன் அங்கே ஒரு கிளப்பில் இருந்து கூப்பிட்டான்.

"மாமா, எட்டாயிரம் வரும்னு நெனச்சோம். பதிமூணாயிரத்து எண்ணூத்தி அறுபது போட்டிருக்கான். வாசல்ல ரெண்டு தடியன் நிக்கான்."

"நிக்கட்டும். நீ பயப்படாண்டாம். பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பு. சாய்ச்சு எடுக்காத, கேட்டியா."

பாதி ராத்திரியில் யாருக்கு என்ன ஆச்சு என்று அத்தை பதறி எழுந்தாள். "ஒண்ணும் ஆகல்ல, பில் வந்திருக்கு" என்றார் மாமா, பேரன் பிறந்த செய்தியைச் சொல்லுகிற குரலில்.

வறுத்த கடலை 395 ரூபாய். "கடலையை வறுத்தானா, வயலை வெலைக்கு வாங்குனானா?" ஆனால் மெனுவில் அச்சடித்த விலை, ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் பாட்டில் 150. எம்.ஆர்.பி.க்கு மேல் ஓட்டல்காரர்கள் வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வருத்தம் மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை. சாப்பாடு 4,200, மது 7,800, அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் 1,200. இங்கேதான் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் சொன்னது ஃபைலில் மூன்றாம் பக்கம். போதாததற்கு மொத்தம் 13,200-க்கும் ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. மதுவுக்கு ஏது ஜி.எஸ்.டி.? அது மாநில வரியில் அல்லவா வரும்!

"போனை மேனேஜர்ட்ட குடு. குடுக்கும்போ 1915-ன்னு சொல்லு, நுகர்வோர் ஹெல்ப்லைன். அடிக்காண்டாம், சொன்னாப் போதும். இந்நேரத்துல எவன் எடுப்பான்?"

மேனேஜர் நெய்யாற்றின்கரைக்காரர் என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. 1956-ல் எல்லை பிரித்தபோது கேரளத்தோடு நின்றுவிட்ட தாலுகா. மாமா மலையாளத்துக்கு மாறினார். பழைய திருவிதாங்கூரில் பிறந்தவர்களுக்குச் சண்டை போட ஒரு மொழி போதாது. சர்வீஸ் சார்ஜ் போயிற்று, ஜி.எஸ்.டி. சாப்பாட்டுக்கு மட்டும் 210 ரூபாய் என்று ஆயிற்று. ஆக மொத்தம் 12,210. மாமா முகத்தில் அவ்வளவு தெளிச்சம் இல்லை. "இன்னும் கொஞ்சம் எதிர்த்துப் பேசுவான்னு பாத்தேன்" என்றார்.

"மாமா," என்றான் மருமகன். "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் முன்னாடியே கெளம்பிட்டானுவ. அந்தப் பன்னிரண்டாயிரத்தையும் நீங்களே ஜிபே பண்ணீருங்களேன்."

கவிமணி மான்மியம் எழுதிக் கேலி செய்த மருமக்கள் வழி, 1926-ல் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தோடு விடைபெற்றது. மாமன் சொத்து மருமகனுக்குப் போவதுதான் அதோடு நின்றது. மருமகன் கடன் மாமனுக்கு வருவதை நிறுத்த இன்னும் சட்டம் வரவில்லை.

மாமா ஜிபே பண்ணினார். காலையில் டீக்கடையில் தமக்கு 1,650 ரூபாய் லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். செலவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் ரசவடைக் கதையில் இருந்து தொடங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டார்.

"லே மக்கா, அடுத்த வாட்டி ஊருக்கு வரும்போ அந்த ஒரிஜினல் பில்லைக் கையோட கொண்டு வா. ஜி.எஸ்.டி. நம்பர் பதினஞ்சு எழுத்து இருக்கணும். போட்டோவுல பதினாலுதான் தெரியுகு."