திருவதிகையில் முதல் மனை

பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில் முதல் மனை வாங்குகிறீர்களா? சபாஷ்! மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று அலையாதீர்கள். அதெல்லாம் சந்தேகப் பிராணிகளின் வேலை. இலவச வேன், மதியம் பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு தருகிறவர் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரம் மட்டும் வாங்காமலா இருப்பார்? கெடிலமும் அருகில்தான், அடைமழையில் ஆறே வந்து மனையைப் பார்வையிடும்.

இந்த ஊருக்கு முன்னுதாரணமும் உண்டு. அசுரர்கள் பொன், வெள்ளி, இரும்பில் மூன்று கோட்டைகள் போட்டார்கள். எல்லாம் வானத்தில், சர்வே எண் கிடையாது. சிவபெருமான் சிரித்தே எரித்துவிட்டார் என்கிறது தலபுராணம். அரசு அவ்வளவு கடுமையல்ல: அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2017இல் வரன்முறைத் திட்டமே கொண்டுவந்தது. என்ன, 20.10.2016க்குப் பிந்திய மனைப்பிரிவுகளுக்கு அது பொருந்தாது. அதனாலென்ன? முன்பணத்தை இன்றே கட்டுங்கள். ரசீது கேட்டு மனை விற்பவர் மனதைப் புண்படுத்தாதீர்கள்.