மண்ண எங்கடே கொட்டுனான்?

சிறையிலிருந்து தப்பிக்கும் படம் என்றால் பார்ப்பவர்கள் எல்லாரும் கைதியின் கட்சி. கொலையோ கொள்ளையோ, என்ன செய்துவிட்டு உள்ளே வந்தான் என்று யாரும் கேட்பதில்லை. சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டானா, அவன் நம்ம ஆள். கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் வார்டன் கட்சியாக இருப்பார். கதாநாயகன் கரண்டியைக் கையில் எடுத்ததுமே நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. பாளையங்கோட்டையில், எங்கள் தெருவில் இருப்பவருக்கு லாஜிக் அண்ணாச்சி என்று பெயர். நேரில் வெறும் அண்ணாச்சிதான்.

குடிநீர் வடிகால் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறை விஷயத்தில் தனக்கு அனுபவம் உண்டென்று உறுதியாக நம்புகிறார். மத்திய சிறையின் மதில் ஓரமாகத்தான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தாராம்.

"அந்த மதிலு ஒசரம் என்னன்னு தெரியுமாடே ஒனக்கு?"

தெரியாது. அத்தோடு படத்தைப் பற்றிப் பேசும் யோக்கியதை நமக்குப் போயிற்று.

அவருடைய முதல் கேள்வி எந்தப் படத்துக்கும் ஒன்றுதான். "சொவத்தக் குடைஞ்சாம்லா, மண்ண எங்கடே கொட்டுனான்?" 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். கால்சட்டைக்குள் பை கட்டி, மணலை நிரப்பி, தோட்டத்தில் உலாத்திக்கொண்டே கயிற்றை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி மாத்திரை போட எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தவர் கேட்ட முதல் கேள்வி எது என்று சொல்லத் தேவையில்லை.

அதே படத்தில் ஸ்டீவ் மெக்வீன் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டுவார். அண்ணாச்சி கைதட்டினார். சரித்திரத்தில் அப்படி யாரும் மோட்டார் சைக்கிளில் தாவவில்லை. படத்திலும் அந்தத் தாவலைச் செய்தவர் மெக்வீன் இல்லை, பட் எகின்ஸ் என்ற சண்டைக் கலைஞர். நடந்தது வேறு. 1944 மார்ச்சில், படத்தின் கதை நடக்கும் அந்த ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து சுரங்கம் வழியாக வெளியேறியவர்கள் 76 பேர். 73 பேர் பிடிபட்டார்கள். அதில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இதைச் சொன்னால், "அத்தன பேரையும் கொன்னுபுட்டு முடிச்சா யாருடே பாப்பா? டைரக்டருக்குக் கிளைமாக்ஸ் எடுக்கத் தெரியல" என்கிறார். டைரக்டர் அல்ல அண்ணாச்சி, ஹிட்லர்.

கவனித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. பொய்யை அண்ணாச்சி சந்தேகிப்பதே இல்லை. அவருக்கு லாஜிக் இடிப்பதெல்லாம் நிஜத்தில்தான்.

அல்காட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து 1962 ஜூனில் மூன்று பேர் தப்பிய கதை, கிளின்ட் ஈஸ்ட்வுட் நடிப்பில் 1979-இல் படமாயிற்று. படுக்கையில் பொம்மைத் தலை, அதற்கு முடிவெட்டும் அறையிலிருந்து பொறுக்கிய நிஜ முடி, ஐம்பதுக்கும் மேற்பட்ட மழைக்கோட்டுகளை ஒட்டிச் செய்த தெப்பம். அண்ணாச்சி ரிமோட்டை வைத்தே நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரீலு விடுதான்." அத்தனையும் எஃப்.பி.ஐ. ஆவணத்தில் இருக்கிறது என்றேன். காதில் வாங்கவில்லை. மூவரும் பிழைத்தார்களா, கடலோடு போனார்களா என்று படம் சொல்லாமல் விட்டதில்தான் அவருக்குப் பெருங்கோபம். பதினேழு வருடம் தேடியும் தெரியாமல் எஃப்.பி.ஐ.யே அதே 1979 கடைசியில் கோப்பைக் கட்டி வைத்துவிட்டது. சினிமாக்காரன் மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டுமாம்!

தென்னாப்பிரிக்காவில் டிம் ஜென்கின் என்பவர் மரத்தில் சாவி செதுக்கி, கதவு கதவாகத் திறந்து, பிரிட்டோரியா சிறையிலிருந்து இரண்டு தோழர்களோடு வெளியேறினார். நிறவெறி அரசை எதிர்த்து உள்ளே போனவர்கள். 2020-இல் படமாக வந்தது. டேனியல் ராட்கிளிஃப் நடித்தார். மரச்சாவிக்கு எப்படியும் பஞ்சாயத்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "இவன் அந்த மந்திரக்கோல் வச்சிருந்த பயல்லாடே? கட்டையைக் காட்டுனா எல்லாம் தொறக்கும்" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

உச்சம், 'ல த்ரூ'. ழாக் பெக்கர் எடுத்த பிரெஞ்சுப் படம், 1960. பாரிஸ் சிறையில் ஐந்து பேர் தரையை உடைத்து இறங்குகிற கதை. ஐவரில் ஒருவராக நடித்த ழான் கெரோதி, நிஜத்திலேயே அந்த முயற்சியில் பங்கெடுத்த கைதி. படம் தொடங்கும்போது அவரே நம்மைப் பார்த்துப் பேசுவார். அண்ணாச்சி கடைசிவரை பார்த்துவிட்டு, "மத்தவனெல்லாம் பரவால்ல. அந்தப் பய மூஞ்சியில ஜெயில்ல கெடந்த களை இல்லையேடே" என்றார்.

இவருக்கு எதிர்முகாமும் தெருவில் உண்டு. கல்லூரியில் படிக்கும் அவருடைய மருமகன், தங்கை மகன். அவன் பார்வையில் சிறை என்பது சிறை அல்ல, படிமம். சுவர் என்பது அமைப்பு. கரண்டி மட்டும் இன்னும் எதுவென்று முடிவாகவில்லை. பத்திரிகை விமர்சகர்கள் இருவருக்கும் நடுவில் நின்று, "இரண்டாம் பாதியில் சற்றே தொய்வு" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். தொய்வு இருக்காதா? கைதி பத்தொன்பது வருடம் சுரண்டுகிறான்.

பத்தொன்பது வருடம் சுரண்டியவன் 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' நாயகன். 1994-இல் வந்தபோது தியேட்டரில் போட்ட காசு தேறவில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரை, கையில் ஒன்றுமில்லை. பிறகு வீடியோவிலும் டிவியிலும் பார்த்துப் பார்த்தே ஜனங்கள் அதை உலகப் படங்களின் உச்சியில் ஏற்றி வைத்தார்கள். அந்தப் படத்தில் நாயகன் சாக்கடைக் குழாயை உடைத்து, உள்ளே தவழ்ந்து தப்புவான். கழிவு பீறிட்டு அடிக்கும். அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார்.

"சரிவுல தானா ஓடுத லைனுடே இது! பிரஷரே கெடயாது. எப்படிப் பீச்சி அடிக்கும்?"

ஐந்நூறு கஜம் தவழ்ந்தான், கிட்டத்தட்ட அரை மைல் என்று பின்னணியில் மோர்கன் ஃப்ரீமன் குரல் சொல்கிறது. அண்ணாச்சி காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டார். ஐந்நூறு கஜம் 457 மீட்டர். அரை மைல் 800 மீட்டரைத் தாண்டும். சரியான கணக்கு. அப்புறம் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "மூடுன லைன்ல எறங்குனா அஞ்சு நிமிசம் தாங்காதுடே, வாயு அடிச்சிரும். நான் பாத்திருக்கேன்" என்றார். அன்று யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை.

ஆனால் வழக்கமான கேள்வியை மட்டும் விட மனமில்லை. "அது சரி, மண்ண எங்க..."

மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பேன்ட்டுக்குள்ள வச்சுக் கொண்டாந்து மைதானத்துல உதுத்தாம்லா. நீங்க அப்பம் போன்ல பேசிக்கிட்டு இருந்திய. மாத்துத் துணிய ஒரு பையில போட்டுக் கால்ல கட்டி இழுத்துட்டுப் போறான். அதையாவது பாத்தியளா?"

போன வாரம் மருமகன் ஒரு காரியம் செய்தான். ஜிம் ஜார்முஷ் எடுத்த 'டவுன் பை லா' படத்தைப் போட்டுவிட்டான். 1986, கறுப்பு வெள்ளை. நியூ ஆர்லியன்ஸ் சிறையில் மூன்று பேர். தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக ஒருவன் சொல்கிறான். அடுத்த காட்சியில் மூவரும் வடிகால் சுரங்கத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எப்படி வெளியே வந்தார்கள் என்று படம் காட்டவே இல்லை. கரண்டி இல்லை, ஓட்டை இல்லை, மண் இல்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளிப் பார்த்தார். மறுபடியும் ஓடினார்கள். இன்னொரு தடவை தள்ளினார்.

"நெட்டு கட்டாயிட்டு போலடே. அந்தப் பொட்டிய ஒருக்கா அணச்சுப் போடு."