ஓய்வு பெறாத மென்பொருள்

மலேசியாவின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், புடவைக் கடைக் கல்லாவில் பில் போடும் மென்பொருளுக்குத் தாய்மொழி பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6. அந்த மொழி பிறந்தது 1998. அதில் எழுதும் கருவியை மைக்ரோசாப்ட் 2008 ஏப்ரலில் கைகழுவியது. மென்பொருளுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. அது பாட்டுக்கு பில் போடுகிறது. 2015இல் ஜிஎஸ்டி வரி வந்தது, ஒரு பட்டன் சேர்த்தார்கள். 2018இல் ஜிஎஸ்டி போய் எஸ்எஸ்டி வரி வந்தது, பட்டனை மறைத்தார்கள். அழிக்கவில்லை. அரசாங்கம் மறுபடி மனம் மாறினால்?

பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை பார்க்கும் பையன் சொல்கிறான்: "அண்ணே, பைத்தான்ல புதுசா எழுதிடலாம்."

"எழுதிடலாம் தம்பி. தீபாவளிக்கு முதல் நாள் நின்னுட்டா நீ வருவியா?"

முதலாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பைத்தான் 3 வந்தது 2008இல். பைத்தான் 2ஐக் கைவிட 2020 ஆனது. பதினோரு வருஷத்துக்கும் மேலாகப் பெரிய கம்பெனிகளே இழுத்தடித்தன.

இப்போது இ-இன்வாய்ஸ். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. வரி வாரியத்துக்கு அனுப்பும் பகுதியை மட்டும் புது மொழியில் எழுதிப் பழசோடு ஒட்டுங்கள், போதும். அதற்கு முன், மூல நிரல் இருக்கும் சிடி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.