காருக்கு முதல் பார்க்கிங்

பொபினி,
ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கார் வாங்கியாச்சோ, படம் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். கார் இன்னும் வரவில்லை. கலியாண வீடு மாதிரி ஏற்பாடுகள் மட்டும் அமர்க்களமாய் நடக்கின்றன, மாப்பிள்ளைதான் இல்லை.

முதலில் எடுத்தது பார்க்கிங். எங்கள் கட்டடத்துக்குக் கீழே நிலவறையில் ஒரு இடம் காலியானது. இந்தப் பக்கம் அப்படிக் காலியாவது லேசில் நடக்கிற அலுவல் இல்லை. கார் எப்ப வந்தாலும் வரட்டும் என்று உடனே வாடகைக்கு எழுதிவிட்டோம். இப்போது அதில் இரண்டு மூட்டை பசுமதி அரிசியும் என் மனைவியின் தையல் மெஷினும் நிற்கின்றன. மாதா மாதம் வாடகை கட்டுகிறோம்.

அடுத்தது இன்சூரன்ஸ். இந்த வருஷம்தான் லைசன்ஸ் எடுத்தேன், தெரியும்தானே? எழுத்துப் பரீட்சையில் 40 கேள்விக்கு 35 சரியாய் வரவேண்டும். நரைத்த தலையோடு இருபது வயதுப் பெடியளுக்கு நடுவில் இருந்து எழுதினேன். பாஸ் பண்ணினவுடன் அரசாங்கம் என்னை இளைஞனாக்கிவிட்டது. மூன்று வருஷத்துக்குக் காரின் பின்னால் சிவப்பில் 'A' என்ற எழுத்து ஒட்ட வேண்டும். மற்றவர்களின் லைசன்சில் 12 புள்ளி, எனக்கு 6. இன்சூரன்ஸ்காரரும் 'இளம் சாரதி' என்று முதல் வருஷம் நூறு வீதம் வரை கூட்டிக் கேட்கலாம். அரசாங்கத்தைத் தவிர என்னை இளைஞன் என்று ஒப்புக்கொண்ட ஒரே கூட்டம் அவர்கள்தான், அதற்கும் காசு கேட்கிறார்கள். கட்டணத்தைப் பெருக்குகிற எண் 1இல் தொடங்கும். இடிபடாமல் ஓடினால் வருஷத்துக்கு 5 வீதம் குறையும். என் பிழையில் ஒருக்கா இடித்தால் 25 வீதம் ஏறும். பாதிக்கு இறங்க 13 வருஷம் செல்லுமாம். அதற்குள் பென்ஷன் வந்துவிடும்.

இனி, புதுசா பழசா? நீங்கள் இருக்கிற இலங்கைக் கணக்கு இங்கே சரிவராது, அத்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டி, கார்களுக்கு இந்த வருஷம் பெப்ரவரியில்தானே திறந்தார்கள். இடையில் பழைய வானை ஆசை தீர ஓடிவிட்டு வாங்கின விலைக்கு மேலேயும் விற்ற ஆள் நீங்கள். இங்கே புதுக் கார் கடை வாசலைத் தாண்டினவுடனேயே விலை இறங்கத் தொடங்கும். அதனால் பழசுதான் என்று முடிவெடுத்தேன்.

பழசிலும் ஒரு வில்லங்கம். பத்து வயதைத் தாண்டின காரைப் பேர் மாற்றிப் பதியும்போது பாதிக் கட்டணம். ஆனால் 2011க்கு முந்திய டீசல் காரும் 2006க்கு முந்திய பெற்றோல் காரும், இந்த ஜனவரியிலிருந்து, பாரிஸைச் சுற்றி ஓடும் ஏ86 றோட்டுக்கு உள்ளே வேலை நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை ஓடக்கூடாது. ஒரு கந்தோர் பழசு என்று கழிவு தருகிறது, மற்றக் கந்தோர் பழசு என்று கலைக்கிறது. போதாக்குறைக்கு, போன மாதம் தேசியப் பேரவை அந்தத் தடையையே நீக்க வாக்களித்திருக்கிறது. இன்னும் முடிந்தபாடில்லை. மலிவாய் வருகிற 2010 டீசலை வாங்க நான் எஞ்சினைப் பார்க்கிறதோ, பாராளுமன்றத்தைப் பார்க்கிறதோ? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலை மணக்க மட்டும் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் மொரிஸ் மைனர் ஓடின ஊர் நாங்கள். எங்களுக்குப் புகையைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

ஒன்று மட்டும் இங்கே உண்மையிலேயே நல்லது. நாலு வயதைத் தாண்டின காரை விற்கிறவர், ஆறு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனைத் தாளைக் கையில் தரவேண்டும். 'இஸ்தோவெக்' என்று அரசாங்கத்தின் இலவசத் தளம் ஒன்றும் இருக்கிறது. எத்தனை கை மாறியது, ஒவ்வொரு பரிசோதனையிலும் மீற்றர் எவ்வளவு காட்டியது, எல்லாம் அதில் வரும். ஒரு மனிசன் "வயதுபோன வாத்தியார் ஓடினது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்" என்று சத்தியம் பண்ணினார். அறிக்கையின் லிங்கை அனுப்பச் சொன்னேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இப்போது எனக்கு நடக்க ஏலாது, ஆளாளுக்கு யோசனை. மரக்கறிக்கடையில் நிற்கிறவர் யப்பான் கார்தான் என்கிறார். சலூன்காரர் பிரெஞ்சுக் கார் என்றால்தான் உதிரிப்பாகம் மலிவு என்கிறார். இரண்டு பேரிடமும் காரில்லை. ஒரு அண்ணை பெரிய ஜீப்பே வாங்கச் சொல்கிறார், கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்க எடுப்பாய் இருக்குமாம்.

வீட்டிலும் அதே கதைதான். ஆகஸ்டில் லூர்து மாதாவிடம் போக இப்பவே இருக்கை பதிந்துவிட்டார்கள். நாங்கள் நாலு பேர், மனைவியின் சித்தி, சித்தியின் சிநேகிதி, வழியில் ஏறுகிற மருமகன். சைவக்காரர்தான், ஆனால் மாதா என்றால் ஒருவரும் விடமாட்டார்கள். ஆகவே ஏழு இருக்கைக் கார் வேண்டும் என்கிறாள் இவள். அப்படியான கார்கள் பல 1.6 தொன்னைத் தாண்டும். பெற்றோல், டீசல் காருக்கு அந்த எடை வந்தால், போன ஒக்ரோபரிலிருந்து பாரிஸ் நடுப்பகுதியில் வெளியாட்களுக்கு றோட்டுப் பார்க்கிங் மணிக்கு 18 யூரோ. லாச்சப்பல் கடைத்தெருவும் அதற்குள் வருகிறது. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி, கடைக்காரருடன் கதைத்து முடிய இவளுக்கு எப்படியும் இரண்டு மணித்தியாலம் வேண்டும்.

இப்போதைய தீர்மானம்: ஏழு இருக்கைக் கார் லூர்துக்கும் சுவிஸ் கலியாணங்களுக்கும், சாமான் வாங்க, வழமைபோல 5ஆம் லைன் மெற்றோவில் கார் து நோர் ஸ்டேஷன் வரை நான். அக்காவிடம் சொல்லுங்கள், ஒடியல் மா அனுப்புவதென்றால் கொஞ்சம் கூடவே அனுப்பட்டும். பார்க்கிங்கில் இடம் கிடக்கிறது.

அன்புடன்,
உங்கள் மச்சான்