டின்னில் அடைத்த தெம்பு

பிள்ளையைத் திருத்தப் புறப்படும் அப்பாவுக்குக் கண்டிப்பைவிட அவசியமானது வெள்ளெழுத்துக் கண்ணாடி. செமஸ்டர் வந்தால் என் மகன் ஃப்ரிட்ஜில் மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எனர்ஜி டிரிங்க் டின்களை அடுக்கிவிடுகிறான். அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்பதை டின்னின் முதுகில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் டாரின் எனக்கு ஏற்கெனவே பழக்கம். குடும்ப வாட்ஸப் குழுவில் வந்திருந்தது. “காளை மாட்டோட... அதுலேருந்து எடுக்கறாங்களாம்டா” என்று ஆரம்பித்தேன். அடுக்களையிலிருந்து மனைவி தொண்டையைக் கனைத்தாள். மகன் விளக்கினான். 1827-ல் ஜெர்மானியர்கள் காளையின் பித்தநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்ததோடு காளையின் பங்கு முடிந்ததாம். இப்போது ஆலையில் செய்கிறார்கள். நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது, மீனிலும் இருக்கிறது. இந்தப் பானங்களில் சேர்க்கும் அளவு கவலைக்குரியதல்ல என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-லேயே சொல்லிவிட்டது. எங்கள் குழுவுக்குச் சேதி இன்னும் வரவில்லை.

சில டின்களில் குவாரானா இருக்கிறது. அமேசான் காட்டுக் கொடியின் விதை என்றதும், மூலிகை ஆயிற்றே என்று குரலைத் தாழ்த்தினேன். அதிலுள்ள சரக்கும் கஃபீன்தான். பி வைட்டமின்களோ, ஒழுங்காகச் சாப்பிடுகிறவன் உடம்பில் பெரும்பாலும் உபரி, சிறுநீரோடு போய்விடும். “அதுக்குக் காசை நேரா அங்கேயே போட்டுடலாமே” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆக, உண்மையில் வேலை பார்ப்பது சர்க்கரையும் கஃபீனும்தான். மற்றவை கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ சுற்றம் மாதிரி. 250 மி.லி. டின்னில் சுமார் 27 கிராம் சர்க்கரை. கஃபீன் லிட்டருக்கு 300 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. அதாவது டின்னுக்கு 75. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் குடிக்க வேண்டாம், ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்றும் டின்னில் போட்டிருந்தது. கல்லூரிப் பையன்களைச் சேர்க்காதது எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

விடுவேனா? “மதுவோடு கலந்தா போதை ஏறினதே தெரியாது. இதயக் கோளாறு இருக்கறவங்க டாக்டரைக் கேக்கணும். ராத்திரி குடிச்சா பாதி கஃபீன் இறங்கவே அஞ்சு மணி நேரம் ஆகும், தூக்கம் போயிடும்” என்று முழங்கினேன்.

“தூக்கம் போகத்தானேப்பா குடிக்கிறேன்?”

பிறகு செல்போனில் கணக்குப் போட்டான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி. கஃபீன் வரை பரவாயில்லையாம். எனக்குக் கண் திறக்க ஒரு டம்ளர் காபி, பேப்பரோடு ஒன்று, பேப்பர் படித்த கோபத்தில் ஒன்று, விருந்தாளிக்குத் துணையாக ஒன்று, அவர் கிளம்பிய நிம்மதியில் ஒன்று. எங்கள் வீட்டு டிகாஷன் வேறு கள்ளிச்சொட்டு. கூட்டிப் பார்த்தபோது டின் என்னைவிட ஒழுக்கமாகத் தெரிந்தது.

மறுநாள் காபிப் பொடியில் கஃபீனே இல்லாத சிக்கரி ஏறிவிட்டது. ஃப்ரிட்ஜில் டின்கள் இருந்த இடத்துக்கு இட்லி மாவு வந்துவிட்டது. நாட்டுக்கு ஒரு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கலாம். எங்கள் வீட்டு ஆணையத்தின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.