நிலவறைப் பிரம்மா

பிரம்மதேவனுக்கு ஒரு பகற்பொழுது என்பது மானிடக் கணக்கில் 432 கோடி வருஷங்கள் என்று புராணம் கூறும். அமெரிக்க நகரங்களின் புறப்பகுதி வீடுகளில், நிலவறைக்குள் ஒரு மேசைவிளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, கடையில் விற்கும் ஆறங்குல ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ ஒன்றை வாங்கிப் பிய்த்து, எந்தக் கம்பெனியும் செய்து விற்காத வேறொரு வீரனாக அதை மறுசிருஷ்டி செய்யும் கனவான், “இரண்டு நாளில் ஆகிவிடும்” என்று வாக்களிக்கும்போது எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்பதை அவரிடம் பொம்மை கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்களே அறிவார்கள்.

அவர் பொய்யர் அல்லர். தலையை மாற்ற எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்; அரை மணி என்பார், அது சத்தியம். அங்கி அமைக்க ஒரு மாலை, வர்ணம் பூச இன்னொரு மாலை என்பார், அவையும் சத்தியமே. கை வேலை செய்கிற நேரம் ஒன்றையே நேரமென்று கருதுவது அவர் சுபாவம். காய்கிற நேரமும், தேடுகிற நேரமும், மனம் ஒப்பாமல் அழிக்கிற நேரமும் அவர் கணக்கில் வாரா.

தேடுகிற நேரத்தை எடுத்துக்கொள்வோம். உடலற்ற தலைகளும், ஜோடி பிரிந்த கால்களும், உறையில்லாத வாள்களும் நிறைந்த பெட்டி ஒன்று அவரிடம் உண்டு. எத்தனையோ அவயவங்கள் அதில் கிடந்தும், இந்த வீரனுக்கு ஏற்ற இடக்கை மட்டும் அகப்படுவதில்லை. அந்த ஒரு கைக்காக முழுப் பொம்மை ஒன்றைத் தருவிப்பார். அது வந்து சேர்ந்ததும், இத்தனை லக்ஷணமான உருவத்தையா சிதைப்பது என்ற இரக்கம் மேலிட, அதை அலமாரியில் பிரதிஷ்டை செய்துவிட்டு, கைக்காக இன்னொன்றுக்கு எழுதிப்போடுவார்.

கொதிநீரில் இட்டால் பிளாஸ்டிக் இளகி மூட்டு கழன்றுகொடுக்கும் என்பது இக்கலையின் பாலபாடம். உருளைக்கிழங்கு வேகிறதென்று நம்பி மூடியைத் திறக்கும் அவருடைய சம்சாரம், முதல் வருஷத்தில் அலறினாள், இப்போது, “இன்றைக்கு யாருடைய தலை?” என்று மட்டும் விசாரித்துவிட்டு வேறு பாத்திரம் தேடுகிறாள்.

அடுத்தது எபாக்சி புட்டி. இரண்டு கூறுகளைச் சம அளவில் பிசைந்து, இறுகுவதற்குமுன் மீசையோ கவசமோ வடித்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் தொடாமலிருக்க வேண்டும்; குளிர்காலத்து நிலவறையில் அதற்கும் மேலே ஆகும். தொடாமலிருப்பதுதான் அவரால் ஆகாத காரியம். காய்ந்ததா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார், கவசத்தில் கட்டைவிரல் ரேகை பதியும், மறுபடியும் முதலிலிருந்து. இனி மூட்டுகளின் தொல்லை. 1964-ல் ஹாஸ்புரோ கம்பெனியார், 21 அசையும் பாகங்கள் கொண்டவன் என்று பெருமை பேசித் தங்கள் ஜி. ஐ. ஜோ சிப்பாயை விற்றார்கள். எத்தனை மூட்டோ அத்தனை இடத்தில் புது வர்ணம் உராய்ந்து உரியும் என்பது பின்னால் வந்த இவர் தலையில் விடிந்தது. ஆகையால் மூட்டுக்கு மூட்டு உப்புத்தாள் கொண்டு தேய்த்து இடைவெளி உண்டாக்கியாக வேண்டும்.

வர்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பல பூச்சாகப் பூசுவார். தடிப்பாகப் பூசினால் மூக்கும் வாயும் ஒன்றாகிவிடும். கடைசியில் கண். எள்ளினும் சிறிய அந்த இடத்தில் பல்குத்தும் குச்சியின் நுனியால் கருவிழி வைக்கிறபோது அவர் மூச்சுவிடுவதில்லை. வைத்து முடித்துப் பார்த்தால், ஒரு கண் எதிரியை நோக்கும், மற்றது கூரையை நோக்கும். அழித்து எழுதுவார். இந்தத் திருஷ்டி தோஷம் நிவர்த்தியாவதற்குள் ஒரு பருவம் கழிந்துவிடும். வந்த பருவமோ ஈரப்பதம் மிக்கது, அதில் மங்கல் வார்னிஷைத் தெளித்தால் வெண்மை பூத்துப்போகும் என்று வானம் வெளுக்கக் காத்திருப்பார்.

“மாமா, என் பொம்மை எப்போது வரும்?” என்று சகோதரி மகன் கேட்டால், அவரிடம் ஒரு சரித்திர ஆதாரம் தயாராக இருக்கிறது. 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் வெளிவந்து நாடே பித்தான சமயத்தில், சின்சினாட்டி நகரத்துக் கென்னர் கம்பெனியார் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளை வார்த்து முடிக்க இயலாமல், பொம்மையே இல்லாத அட்டை உறையைச் சீட்டு ஒன்றுடன் விற்றார்கள். சீட்டைத் தபாலில் அனுப்பிய குழந்தைகளுக்கு நான்கு பொம்மைகள் மறு வருஷத் தொடக்கத்தில்தான் கிடைத்தன. தொழிற்சாலை வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதியென்றால் தனி மனிதன் என்ன செய்வான் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் கென்னர் கம்பெனியார் இறுதியில் அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே, பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று இவரிடம் ஒரு பொம்மை சொல்லிவைக்க எண்ணும் அன்பர்கள், எந்த வருஷத்துப் பிறந்தநாள் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லாமலிருப்பது நலம்.